ஆயா கை காட்டிய பையன்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்தில் இந்திய வம்சத்தினர் நிறைய வாழும் பகுதி சாட்ஸ்வொர்த். அங்கே யாரையாவது சுட்டுக் கொன்ற செய்தி வந்தால், அந்த வாரம் கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு நேரத்துக்குத் தொடங்காது. பிள்ளைகளை விட வந்த பெற்றோர் வாசலிலேயே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேரும். தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

நான் அங்கே மறுத்துப் பேசுவதில்லை. வாய் வராது. நிற்பவர்களில் பலர் வீட்டில் அப்படி ஒரு சாவு விழுந்திருக்கிறது. மற்றவர்கள் வீட்டு வாசலுக்கு ஒரு தடவையாவது துப்பாக்கி வந்து போயிருக்கிறது. டர்பனுக்கு வந்து 16 வருடத்தில் நானே இரண்டு முறை பார்த்துவிட்டேன். ஆனால் அந்த வாசலில் சொல்ல முடியாத ஒன்றைப் பத்து வருடமாக மனதில் வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுதுகிறேன். இதில் வரும் ஆயாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இங்கே பாட்டியை ஆயா என்பார்கள். பேர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஊரின் பயம் புரிய ஒரு கணக்கு சொல்கிறேன். 2022இல் இந்தியா முழுக்கப் பதிவான கொலை வழக்குகள் 28,522. தென்னாப்பிரிக்காவில் 2022-23இல் நடந்த கொலைகள் 27,494. அங்கே ஜனத்தொகை 140 கோடி, இங்கே 6 கோடி. இங்கே ஒரு நாளைக்கு 75 பேர். இப்படி ஒரு ஊரில் இருந்துகொண்டு தூக்கு வேண்டும் என்று கேட்பவர்களைக் கொடூர மனசுக்காரர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆயா எங்களுக்கு அடுத்த வீடு. அவருடைய பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். அந்தத் தமிழ் இன்னும் ஆயா வாயில் இருக்கிறது. அவர் மகனுக்குத் தமிழ் காதில் புரியும், பேச வராது. பேரப்பிள்ளைகள் சனிக்கிழமை என்னிடம் அ, ஆ எழுதினார்கள்.

2015 மே மாதம். அந்த வருடம் மின்வெட்டு மோசம். இங்கே அது குளிர்காலத்தின் தொடக்கம், ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். மகன் வேலை முடிந்து பக்கியில் வந்து கேட் முன்னால் நிறுத்தினார். பக்கி என்றால் பின்னால் சாமான் ஏற்றும் சின்ன வண்டி. கரண்ட் இல்லாததால் கேட் மோட்டார் வேலை செய்யவில்லை. கையால் தள்ளித் திறக்க அவர் கீழே இறங்கினார். உள்ளேயிருந்து ஆயா டார்ச் விளக்கோடு வந்தார். அந்த ஒரு நிமிடத்துக்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். சாவியைக் கொடுத்த பிறகும் சுட்டார்கள். 44 வயது.

நாங்கள் சத்தம் கேட்டு ஓடும்போது ஆயா தரையில் உட்கார்ந்து மகன் தலையை மடியில் வைத்திருந்தார். டார்ச் அணையாமல் பக்கத்தில் கிடந்தது. அதன் வெளிச்சம் கேட்டின் அடிக்கம்பியில் விழுந்துகொண்டிருந்தது. ஏனோ எனக்கு அந்தக் கம்பிதான் ஞாபகம் இருக்கிறது.

துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் ஆயா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அவனுங்களத் தொங்கவிடணும் கண்ணு." அப்போது என்னை யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். என் கையாலேயே கயிற்றை இழுத்திருப்பேன் என்றுகூட நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ஏழு வாரம் கழித்து ஒருவனைப் பிடித்திருப்பதாகப் போலீசிலிருந்து போன் வந்தது. அடையாள அணிவகுப்புக்கு ஆயாவை நான்தான் காரில் அழைத்துப் போனேன். கூட வருபவர்களை உள்ளே விட மாட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் எட்டு இளைஞர்கள், ஆளுக்கொரு நம்பர். ஆயா சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். முகம் தெளிவாக இருந்தது. "அஞ்சாம் நம்பரு. அவன்தான். கண்ணப் பாத்தேன், மறக்குமா?" என்றார். கை நடுங்கவில்லை. வரும் வழியில் ஒரு இடத்தில் நிறுத்தச் சொல்லி டீ குடித்தார். மகன் போன பிறகு அவராகக் கேட்டு எதையும் வாயில் வைத்தது அன்றைக்குத்தான்.

அன்று ராத்திரி நான் வீட்டில் கேசரி கிண்டினேன். ஆயா வீட்டுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்தப் பையனுக்கு 22 வயது. கொலைக் கேஸ் என்பதால் ஜாமீன் கிடைக்கவில்லை. ஐந்து மாதம் உள்ளே இருந்தான். அதற்கப்புறம் விசாரணை அதிகாரி மாறினார். புதிதாக வந்தவர் பொறுமைசாலி. அரசு இலவசமாகக் கொடுத்த வக்கீல் முதலிலிருந்தே சொல்லிவந்ததை அவர்தான் போய்ச் சரிபார்த்தார். அந்தச் சாயங்காலம் பையன் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிஃப்டில் இருந்திருக்கிறான். விரல் ரேகை வைத்து உள்ளே போகும் மெஷினில் நேரம் பதிவாகியிருக்கிறது. கேமராவிலும் இருந்திருக்கிறான். 20 கிலோமீட்டர் தள்ளி. விட்டுவிட்டார்கள்.

ஆயா அதை நம்பவில்லை. "நான் கண்ணப் பாத்தேனே" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் இருட்டும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, கேட்டுக்கு வெளியே நிற்கச் சொன்னார். உள்ளே லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு டார்ச்சோடு வந்தார். அதே இடத்தில் நின்று என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார், "ஒம்மூஞ்சி தெரியலையே. ஜெர்சிதான் தெரியுது."

இங்கே ஸ்வெட்டரை ஜெர்சி என்பார்கள். துப்பாக்கியை நீட்டியவன் சாம்பல் நிற ஜெர்சி போட்டிருந்தான். எட்டுப் பேர் வரிசையில் சாம்பல் ஜெர்சி போட்டிருந்தது ஐந்தாம் நம்பர் மட்டும்தான். கண்ணைப் பார்த்தேன் என்று ஆயா சொன்னது பொய்யில்லை. அவர் மனம் அந்த ஜெர்சிக்கு மேலே ஒரு முகத்தை வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். துப்பாக்கி முன்னால் நின்ற யாருக்கும் இது நடக்கும். என்னிடம் துப்பாக்கி காட்டிய ஆளின் முகத்தை இன்று கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது. துப்பாக்கியை வரைந்து காட்டுவேன்.

இந்த நாட்டில் தூக்கு இருந்த காலம் ரொம்பப் பழசில்லை. பிரிட்டோரியா மத்தியச் சிறையில் தூக்குமேடைக்குப் போக 52 படி. ஒரே நேரத்தில் 7 பேரைத் தொங்கவிட வசதி இருந்தது. 1987இல் மட்டும் 164 பேர். முந்தின இரவெல்லாம் மற்றக் கைதிகள் தங்கள் அறைகளிலிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே இருப்பார்களாம், போகிறவர்கள் தனியாக இல்லை என்று தெரிவதற்காக. உடலைக் குடும்பத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். அரசியல் வழக்குகளில் தூக்கிலிடப்பட்டவர்களின் எலும்பைத் தோண்டி எடுத்து வீட்டாரிடம் ஒப்படைக்கும் வேலையை அரசாங்கம் 2016இல்தான் தொடங்கியது. அதற்குள் எத்தனையோ தாய்மார்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அந்தச் சிறைக்கு 2013இல் பெயர் மாற்றினார்கள். இப்போது அது கோசி மம்புரு சிறை. மம்புரு, பெடி என்ற ஆப்பிரிக்க இனத்தின் தலைவர். 1883இல் பிரிட்டோரியாவில் அவரைத் தூக்கிலிட்டபோது முதல் தடவை கயிறு அறுந்துவிட்டது. மறுபடியும் ஏற்றித் தொங்கவிட்டார்கள்.

கடைசித் தூக்கு 1989 நவம்பரில். 1990 பிப்ரவரியில் அப்போதைய ஜனாதிபதி டி கிளர்க் தூக்கிலிடுவதை நிறுத்திவைத்தார். அதற்கப்புறம் ஐந்து வருடம் நூற்றுக்கணக்கானவர்கள் தீர்ப்போடு காத்துக்கொண்டிருந்தார்கள். 1995 பிப்ரவரி 14 அன்று அரசியல் சாசன நீதிமன்றத்தை மண்டேலா திறந்துவைத்தார். தான் கடைசியாக நீதிமன்றத்தில் நின்றது தனக்கு மரண தண்டனையா இல்லையா என்று தெரிந்துகொள்ளத்தான் என்று அன்று சொன்னார். மறுநாளே அங்கே முதல் வழக்கு விசாரணைக்கு வந்தது. அது மரண தண்டனை பற்றிய வழக்கு.

மக்வான்யானே, ம்சூனு என்ற இரண்டு பேரின் வழக்கு அது. அவர்கள் நிரபராதிகள் இல்லை. நான்கு கொலைகளுக்குத் தண்டனை பெற்றவர்கள். இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். நீதிபதிகள் நல்லவர்களைக் காப்பாற்றும் வழக்கில் தீர்ப்பு எழுதவில்லை. ஜூன் 6ஆம் தேதி 11 நீதிபதிகளும் ஒரே முடிவைச் சொன்னார்கள். கொலைக்குத் தூக்கு அரசியல் சாசனத்துக்கு எதிரானது. ஆனால் பதினோரு பேரும் தனித்தனியாக எழுதினார்கள், ஆளுக்கொரு காரணம்.

அந்தப் பதினோரு பேரில் சிலர் யார் என்று பார்த்தால் எனக்கு மனம் நெகிழும். தலைமை வகித்த ஆர்தர் சாஸ்கல்சன், மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்த ரிவோனியா வழக்கில் அவருக்காக வாதாடிய குழுவில் இருந்தவர். இஸ்மாயில் மஹமத் நம்மைப் போல இந்திய வம்சம். மேல்முறையீட்டு நீதிமன்றம் புளூம்ஃபாண்டைனில் இருந்தது. அந்த மாகாணத்தில் இந்தியர்கள் இரவு தங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. வக்கீலாக வாதாடப் போனவர் இருட்டுவதற்குள் வெளியேற வேண்டியிருந்தது. பியஸ் லங்கா இளம் வயதில் இதே டர்பனில் சட்டைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். நிறவெறி அரசை எதிர்த்துப் போராடிய ஆல்பி சாக்ஸின் காரில் 1988இல் குண்டு வைத்தார்கள். வலது கையும் ஒரு கண்ணின் பார்வையும் போயின. தன்னைக் கொல்ல ஆள் அனுப்பிய ஒரு நாட்டில், கொன்றவனையும் கொல்லக் கூடாது என்று அவர் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

சாஸ்கல்சன் தீர்ப்பில் என் ஆயாவுக்குப் பொருந்தும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, யார் தூக்குக்குப் போகிறார்கள் என்பதை வறுமையும் நிறமும் அதிர்ஷ்டமும் முடிவு செய்கின்றன என்பது. எந்த வக்கீல் கிடைக்கிறார், எந்த நீதிபதி முன்னால் கேஸ் போகிறது என்பதைப் பொறுத்து ஒருவன் பிழைக்கிறான், இன்னொருவன் சாகிறான். ஆயா வழக்கில் விசாரணை அதிகாரி மாறியது யார் திட்டமும் இல்லை. பழையவரே இருந்திருந்தால்? இன்னொன்று, குற்றத்தைத் தடுப்பதில் பெரிய பயம் எது என்பது. பிடிபடுவோம், நிரூபிப்பார்கள், தண்டனை வரும் என்ற நிச்சயம்தான் பெரிய பயம் என்கிறார். இங்கே இல்லாதது அதுதான்.

இங்கே 2022-23இல் போலீஸ் துப்புத் துலக்கிய கொலைகள் நூற்றுக்குப் பன்னிரண்டை ஒட்டித்தான். பத்து வருடம் முன்னால் முப்பது இருந்தது. மீதி எண்பத்தெட்டு வழக்கில் தூக்குக் கயிற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யார் கழுத்தில் மாட்டுவது? கொலைகாரன் இந்தக் கணக்கை நம்மைவிட நன்றாக அறிந்துவைத்திருக்கிறான். கேட் வாசலில் வந்தவர்கள் தூக்கு இல்லை என்ற தைரியத்தில் வரவில்லை. யாரும் தங்களைத் தேட மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் வந்தார்கள்.

தமிழ் வகுப்புக்கு வரும் ஒரு தகப்பனார் ஒரு தடவை என்னை மடக்கினார். "டீச்சர், நீங்கள் குறள் சொல்லிக்கொடுக்கிறீர்கள். தூக்கு வேண்டும் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே?" அவர் சொன்னது 550ஆவது குறள்.

கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ்
களைகட் டதனொடு நேர்.

பரிமேலழகர் இதில் "கொலையின்" என்பதை "ஒறுத்தல்" என்பதோடு சேர்க்கிறார். கொடியவரை அரசன் கொலையால் தண்டிப்பது, பயிரைக் காக்கக் களை பிடுங்குவது மாதிரி. பெரும்பாலான உரைகள் இந்த வழியில்தான் போகின்றன. வேறு விதமாகப் பிரித்துப் படிக்கலாம் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். கொலைத் தொழிலில் கொடியவரை அரசன் ஒறுப்பது என்றும் படிக்கலாம், ஒறுத்தல் என்றால் கொல்வது மட்டும் இல்லை. இன்னா செய்தாரை ஒறுத்தல் அவர் நாண நன்மை செய்துவிடுவது என்று சொல்லும்போதும் அதே சொல்தான். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தபோது அது சரியில்லை என்று பட்டது. எனக்கு வேண்டியதை வள்ளுவர் வாயில் திணிக்கிறேனோ என்று கூச்சமாக இருந்தது. அவர் காலத்தில் அரசன் கொல்வது முறை. அதைச் சொன்னார் என்றே ஒப்புக்கொள்கிறேன்.

ஒப்புக்கொண்ட பிறகு அதே செங்கோன்மை அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். 541ஆம் குறள் "ஓர்ந்து" என்று தொடங்குகிறது. ஆராய்ந்து, யார் பக்கமும் சாயாமல், தேர்ந்து செய்வதுதான் முறை என்கிறது. களை பிடுங்குவது பத்தாவது குறளில் வருகிறது. அடுத்த வாரம் அந்தத் தகப்பனாரிடம் என் அம்மா கதையைச் சொன்னேன். எங்களுக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் வயல். நெல்லைப் போலவே வளரும் ஒரு புல் உண்டு, நடவு முடிந்த முதல் சில வாரம் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அம்மா குனிந்து இலையை விரலால் திருப்பி, நடு நரம்பு வெள்ளையாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகுதான் பிடுங்குவாள். என்னை ஒரு வருடம் களை எடுக்கவே விடவில்லை. "நீ நெல்லைப் பிடுங்கிப் போட்டுருவே" என்பாள். தகப்பனார் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அவர் தம்பியும் அப்படிச் செத்தவர்தான்.

ஆயா வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. உள்ளே மதுரை வீரன். இந்த ஊர்த் தமிழர் பலர் வீட்டில் முனீஸ்வரனும் காட்டேரியும் வீரனும் உண்டு. கப்பலில் கூட வந்த சாமிகள். வீரன் கதையை ஆயா பேரப்பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் சொல்லும்போது நான் கேட்டிருக்கிறேன். ராத்திரி அரண்மனைப் பக்கம் வந்தவனைத் திருடன் என்று ராஜா நினைத்துவிட்டான். விசாரிக்கவில்லை. மாறுகால் மாறுகை வாங்கச் சொன்னான். விடிந்த பிறகுதான் தெரிந்தது, திருடரைப் பிடிக்கப் போனவனே அவன்தான் என்று. அந்த இடம் வந்ததும் ஆயா குரல் எப்போதும் இறங்கிவிடும். பையன் விடுதலையான அந்த வருடம் வீரனுக்குப் படையல் போட்டபோது கதை சொல்லச் சொன்னார்கள் பிள்ளைகள். ஆயா பாதியில் நிறுத்திவிட்டுச் சாம்பிராணி போட எழுந்துபோய்விட்டார்.

தமிழ்நாட்டில் என் தங்கையிடம் இதையெல்லாம் போனில் சொன்னபோது, "நமக்குத் தெரியாததா" என்றாள். உண்மைதான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. ஒருவர்கூட மிச்சமில்லை. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரை வெளியே விட்டது. நான்கு பேருக்குத்தான் தூக்கை உறுதி செய்தது. அந்த நால்வரில் ஒருவர்கூடத் தூக்கில் சாகவில்லை. 26 கயிறு என்று ஒரு நீதிமன்றம் சொன்ன அன்று ஊரில் இனிப்புக் கொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். என்னைப் போலக் கேசரி கிண்டியவர்கள்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதில் எனக்குப் பதில் இல்லாததும் உண்டு. இங்கே ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்க இல்லை. 25 வருடத்தில் பரோலுக்கு மனுப் போடலாம். கொன்றவன் ஐம்பது வயதில் வெளியே வந்து பேரன் பேத்தி எடுப்பான், என் பிள்ளை எங்கே என்று ஒரு தாய் கேட்டால் அந்தக் கேள்வி நியாயம். பரோல் விசாரணைக்குப் பாதிக்கப்பட்ட குடும்பத்தை ஒழுங்காகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கேட்பதில்லை என்று அழுதவர்களை எனக்குத் தெரியும். சிலரை வெளியே விடவே கூடாது என்றும் நினைக்கிறேன். ஆனால் உள்ளே இருப்பவன் தப்பான ஆள் என்று தெரிந்தால் கதவைத் திறக்கலாம்.

டர்பனுக்குத் தெற்கே அமான்சிம்டோட்டி கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் ஆண்ட்ரூ சோண்டோ சாலை வழியாகப் போவோம். 1985 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அங்கே கடைவளாகத்தில் குண்டு வைத்தவன் பெயர் அது. ஐந்து பேர் செத்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. அவனுக்கு 19 வயது, வெள்ளை அரசாங்கத்தை எதிர்த்துப் போராடிய இயக்கத்தைச் சேர்ந்தவன். அதற்கு மூன்று நாள் முன்னால் பக்கத்து நாடான லெசோத்தோவில் வெள்ளை அரசாங்கத்தின் ஆட்கள் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அதற்குப் பதில் இது. 1986 செப்டம்பரில் அவனைத் தூக்கிலிட்டார்கள். பின்னால் அந்தத் தெருவுக்கே அவன் பெயரை வைத்தார்கள். குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் அந்தப் பலகையைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். அந்தப் பெயர் வைத்தது எனக்குச் சரியாகப் படவில்லை. அவனைத் தொங்கவிட்டதும் சரியாகப் படவில்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் நினைக்க முடிகிறது.

ஆயாவுக்கு இப்போது 81. தூக்கு வர வேண்டும் என்ற பேச்சு வந்தால் இன்றும் "வரட்டும்" என்றுதான் சொல்வார். நான் மாற்ற முயன்றதில்லை. ஆனால் பையன் விடுதலையானதிலிருந்து ஒவ்வொரு மே மாதமும் போலீஸ் நிலையத்துக்குப் போகிறார். நான்தான் ஓட்டுவேன். அன்றைக்கு நல்ல பட்டுப்புடவை கட்டுவார். கைப்பையில் குங்குமப் பொட்டலத்தோடு, கேஸ் நம்பர் எழுதின சீட்டு நாலாக மடித்து இருக்கும். மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டியிருக்கிறது.

போன மே மாதம் கவுண்டரில் ஒரு புதுப் பெண் கான்ஸ்டபிள். சின்ன வயசு. நம்பரைத் தட்டிப் பார்த்தாள். மறுபடி தட்டினாள். உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தாள். கோப்பு பழைய வழக்குகள் வைக்கும் இடத்துக்குப் போய்விட்டது, புதிதாக ஏதும் கிடைத்தால்தான் எடுப்பார்கள் என்றாள். ஆயா தலையாட்டினார். பிறகு சீட்டைத் திருப்பி அவளிடம் நீட்டி, இன்றைக்கு வந்தேன் என்று தேதி போட்டுக் கையெழுத்து வைக்கச் சொன்னார். அந்தப் பெண் வைத்தாள். அதற்கு மேலே ஏற்கெனவே எட்டு ஒன்பது கையெழுத்து இருந்தது, ஒவ்வொன்றும் வேறு ஆள்.

காரில் ஏறி பெல்ட் போட்ட பிறகு ஆயா சொன்னார், "அடுத்த வருசம் காலையிலேயே வந்துரலாம் கண்ணு. பெரிய ஆபீசர் ஒம்பது மணிக்கு இருப்பாராம், அந்தப் பொண்ணு சொன்னா."